பந்தயமில்லாத சீட்டு



நம் வீடுகள் பலவற்றில் சீட்டுக்கட்டு விலக்கப்பட்ட பொருள். காரணம் கேட்டால், சிலுவையின் அடியில் போர்ச்சேவகர் ஆண்டவருடைய அங்கிக்காகச் சீட்டுப்போட்டதைச் சுட்டிக்காட்டுவார்கள். ஆனால் மத்தியா அப்போஸ்தலருடன் சேர்க்கப்பட்டதும், கானான் தேசம் கோத்திரங்களுக்குப் பங்கிடப்பட்டதும் சீட்டுப்போட்டுத்தான். வேதத்தில் வரும் சீட்டு வேறு. நாம் கையில் விரிக்கும் சீட்டு வேறு. ஆகவே சொல்லைக்கொண்டு தீர்ப்பிடாமல் செயலைக்கொண்டு நிதானிப்போம். பணம் வைக்காமல், குடும்பத்தார் முகம்பார்த்து அமர்ந்து, நினைவாற்றலால் ஆடும் சீட்டாட்டத்தைக் கற்றுக்கொள்வது நன்மையானது என்பதே என் கருத்து.

இலங்கைத் தமிழரிடையேயும் தமிழகக் கரையோரத்திலும் ஆடப்படும் ‘304’ என்னும் ஆட்டத்தைப் பாருங்கள். கட்டிலிருந்து இரண்டு முதல் ஆறு வரையுள்ள சீட்டுகளை நீக்கினால் 32 மிஞ்சும். நால்வர் இரண்டு கூட்டாகப் பிரிந்து அமர்வர். ஆளுக்கு எட்டுச் சீட்டு. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2 புள்ளிகள். எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரு சின்னத்திற்கு 76. நான்கு சின்னங்களுக்கும் சேர்த்து 304. ராஜாவும் ராணியும் தாழ்த்தப்பட்டு, ஜாக்கி உயர்த்தப்படும் ஆட்டம் இது!

இதில் வெல்பவர் நல்ல சீட்டு வாய்த்தவர் மட்டுமல்லர். எது விழுந்தது, யார் கையிலிருந்து விழுந்தது என்று மறவாதவர். புதிதாய்க் கற்பவர் 32 சீட்டையும் ஒரே நாளில் நினைவில் வைக்க முயன்றால் சோர்ந்துபோவார். முதலில் நான்கு ஜாக்கிகள் விழுந்தனவா என்று மட்டும் கவனிக்கட்டும். பின்பு நான்கு ஒன்பதுகள். 304 புள்ளிகளில் 200 இந்த எட்டுச் சீட்டுகளிலேயே அடங்கிவிடும். அதன்பின் துருப்பில் எத்தனை வெளிவந்தன என்று எண்ணப் பழகலாம். எதிரே இருக்கும் கூட்டாளியிடம் தன் கைச்சீட்டைப் பற்றிப் பேசக் கூடாது. அவர் இறக்கும் சீட்டைக்கொண்டே அவர் மனதை அறிய வேண்டும். ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும் ஒருவரை ஒருவர் கவனியாத நமக்கு இது எத்தனை நல்ல பயிற்சி!

நம் ஆழ்வார்திருநகரி நினைவின் அருமையை அறிந்த ஊர். இங்குள்ள கோயிலில் அரையர் சேவை செய்வோர், பாசுரங்களையும் அபிநயத்தையும் மூத்தோரிடம் கற்றுத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகிறார்கள். அவர்களுடைய வழிபாடு வேறு, நம்முடையது வேறு. ஆயினும் நினைவு என்பது ஒருவர் முன் ஒருவர் அமர்ந்து கைமாற்றும் சொத்து என்பதை அவர்களைப் பார்த்து நாமும் அறிந்துகொள்ளலாம்.

ஆனால் நினைவாற்றல் மட்டும் போதுமா? மாற்கு எட்டாம் அதிகாரத்தில் ஆண்டவர் சீஷரிடம், அப்பங்களைப் பிட்டபோது மீதியானவற்றை எத்தனை கூடை நிறைய எடுத்தீர்கள் என்று கேட்கிறார். பன்னிரண்டு, ஏழு என்று இரண்டு முறையும் சரியாகவே சொல்லுகிறார்கள். எண்ணிக்கை நினைவிருந்தது; உணர்வுதான் இல்லை. எதை நினைவில் வைக்கிறோம் என்பதைவிட, எதற்காக வைக்கிறோம் என்பதே பெரிது.

பணம் நுழையும் இடத்தில் இந்த நோக்கம் கெடுகிறது. விழும் சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டியிருப்பதால் ரம்மி பெரும்பாலும் திறமையாட்டமே என்று உச்ச நீதிமன்றம் 1968இல் கூறியது. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டு இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தில் ரம்மியையும் போக்கரையும் சேர்த்தது செல்லாது என 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் இயற்றிய சட்டமோ, திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்கிறது. அந்த முடிவை நான் வரவேற்கிறேன். திறமையாட்டம் என்பதாலேயே தீங்கற்றது ஆகிவிடாது. கைப்பேசியில் முகமறியாத ஒருவருடைய பணத்தைப் பறிக்க உழைக்கும் நினைவாற்றலும், திண்ணையில் தாத்தாவின் அடுத்த சீட்டை ஊகிக்கும் நினைவாற்றலும் திறமையில் ஒன்றே. ஒன்று அயலானை இரையாகப் பார்க்கிறது. மற்றொன்று உறவாகப் பார்க்கிறது.

சீட்டில் தொடங்குவது சூதில் முடியும் என்று அஞ்சும் பெற்றோரை நான் குறைகூறேன். அந்த அச்சத்தால் காக்கப்பட்ட குடும்பங்கள் உண்டு. எனினும் விலக்கிவைத்த கட்டு பிள்ளைகளின் கைப்பேசிக்குள் வேறு உருவில் வந்துவிட்ட காலம் இது. கண்முன் கற்றுக்கொடுப்பதே காவல். விளையாட்டுக்காகக்கூட ஒரு ரூபாய் வைக்க வேண்டாம். குடும்ப ஜெபத்திற்கு நேரமானதும் கட்டை மூடிவிடுங்கள். வீட்டிலேயே மூத்தவரை ஆசிரியராக அமர்த்துங்கள். யாரும் தம்மிடம் ஒன்றும் கேட்பதில்லை என்று ஓரமாய் அமர்ந்திருக்கும் பாட்டியிடம், “ஆச்சி, இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுங்கள்” என்று இந்த வாரம் கேட்டுப்பாருங்கள்.

கர்த்தர் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.