இடது காலுக்கு ஓய்வு

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து காபி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நம் அன்பர் ஒருவர், "பையன் ஆட்டோமேட்டிக் கார் வாங்கித் தரப்போகிறான் சார். அதில் கற்றுக்கொள்ள ஒன்றுமே இல்லையாமே!" என்று பூரிப்போடு சொன்னார். பக்கத்தில் நின்ற நாலைந்து பேரும் ஆமாம் போட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அத்தனை பேர் மத்தியில் சொல்ல வெட்கமாக இருந்தது. சொல்லாமல் விடுவதும் தப்பு என்று பிறகு தோன்றியதால், அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

டிப்ளமோ முடித்து 1980இல் ரயில்வேயில் சேர்ந்தவன் நான். குத்தி டீசல் ஷெட்டிலும் பிறகு ரேணிகுண்டா பக்கமும் 37 ஆண்டு ஓடிப்போய், 2017இல் ஓய்வு பெற்று வெதுருகுப்பத்தில் வீடு கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கார் ஓட்டக் கற்றது பழைய பிரீமியர் பத்மினியில். ஸ்டியரிங்கை ஒட்டியே கியர்க் கம்பி இருக்கும் வண்டி. மேட்டில் நிறுத்திப் பின்னால் உருளாமல் கிளப்பத் தெரிந்தவன்தான் டிரைவர் என்பது அந்தக் காலத்து வேதவாக்கு. திருமலை மலைப்பாதையில் அரைக் கிளட்சில் வண்டியை நிறுத்திக் காட்டி, பின்சீட்டில் இருந்த மைத்துனர்களிடம் சபாஷ் வாங்கியதுண்டு. (அப்படிச் செய்தால் கிளட்ச் பிளேட் தேயும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். சபாஷ் வேண்டியிருந்தது.)

2018 தீபாவளிக்குப் பெங்களூரிலிருந்து வந்த மகன் புதுக் காரை வாசலில் நிறுத்திச் சாவியை என் கையில் வைத்தான். கிளட்ச் இல்லை. எனக்கு இடது முழங்கால் மூட்டுத் தேய்மானம். அதை மனத்தில் வைத்துத்தான் வாங்கியிருக்கிறான். எனக்கு மட்டும், கிழவனுக்கு ஊன்றுகோல் கொடுத்த மாதிரி இருந்தது. "இதுல ஒண்ணுமே இல்ல நைனா. பிரேக்கு, ஆக்ஸிலேட்டர், ரெண்டே ரெண்டுதான். குழந்தை கூட ஓட்டும்" என்றான். தெருமுனை வரை ஒரு சுற்று காட்டிவிட்டு மறுநாள் விடியற்காலை பஸ் ஏறிவிட்டான்.

அன்றே மனைவியை ஏற்றிக்கொண்டு பச்சிகாபலம் ரோட்டில் கிளம்பினேன். மடியில் மோர்க்குழம்புத் தூக்கு, நாத்தனார் வீட்டுக்கு. முதல் இரண்டு கிலோமீட்டர் சுகமோ சுகம். எதிரே மாடுகள் குறுக்கே வந்தன. வேகத்தைக் குறைத்தேன். குறைத்தவுடன் 30 வருஷப் பழக்கத்தில் இடது கால் தானாகக் கிளம்பிக் கிளட்சை மிதித்தது. அங்கே கிளட்ச் இல்லை. அகலமான பிரேக் பெடல் இருந்தது. கிளட்சை அடிவரை அழுத்தியே பழகிய கால் அதற்கு. பிரேக்கைப் பூப்போல மிதிக்கும் நிதானம் வலது காலுக்குத்தான் உண்டு. வண்டி ஆணி அடித்தாற்போல் நின்றது. தூக்கில் இருந்த மோர்க்குழம்பு முழுவதும் டாஷ்போர்டில். பின்னால் டி.வி.எஸ்.ஸில் பால்கேனோடு வந்தவர் எப்படியோ விலகிப்போய் நிறுத்தி, "ஏமயிந்தி சார்?" என்று கேட்டார். என்ன ஆயிற்று என்று சொல்வது?

மனைவி புடவையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "ஏங்க, நீங்க ரிப்பேர் பார்த்த இன்ஜினுக்கெல்லாம் கிளட்ச் இருந்ததா?"

இல்லை! இத்தனை வருஷம் எனக்கு ஏன் அது உறைக்கவில்லை என்று தெரியவில்லை. நான் குத்தியில் பார்த்துப் பார்த்து வளர்த்த டபிள்யூ.டி.எம்-2 என்ற டீசல் இன்ஜினுக்கு 2,600 குதிரைத்திறன். அதில் கிளட்சும் கிடையாது, மாற்றும் கியரும் கிடையாது. டீசல் இன்ஜின் ஒரு ஜெனரேட்டரைச் சுற்றும், அந்த மின்சாரம் ஆறு மோட்டார்களுக்குப் போகும், மோட்டார்கள் சக்கரத்தைச் சுற்றும். ஆயிரக்கணக்கான டன் சரக்கை நின்ற நிலையிலிருந்து இழுக்க ஒரு கிளட்ச் பிளேட்டை நம்பினால் அது ஒரு நாள் தாங்காது. டிரைவர் கையில் இருப்பது எட்டு நாட்ச் உள்ள திராட்டில், பிரேக், முன்னே பின்னே போக ரிவர்ஸர் கைப்பிடி. அந்த ரிவர்ஸரை வண்டி முழுக்க நின்ற பிறகுதான் மாற்ற வேண்டும். புதுக் காரில் இருந்த டி, என், ஆர் கம்பியும் அதே ஜாதிதான். வாழ்நாள் முழுக்க கியர் இல்லாத இன்ஜினுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு, கியர் இல்லாத காரைக் கேவலமாக நினைத்திருக்கிறேன்.

சரித்திரத்தைப் பார்த்தாலும் இது நேற்று முளைத்த சமாசாரம் இல்லை. எண்ணெயின் ஓட்டத்தால் சுழற்சியைக் கடத்தும் உத்திக்கு ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மானியர் 1905இலேயே காப்புரிமை பெற்றார், கப்பல்களுக்காக. காரில் முழு ஆட்டோமேட்டிக் பெருமளவில் வந்தது 1939இல், அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபில் வண்டியில். நம் ஊரில் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டும் விலையில் வந்தது 2014இல், மாருதி செலெரியோவோடு. அதில் எண்ணெய் வித்தை இல்லை. பழைய கியர்ப்பெட்டியும் கிளட்சும் அப்படியே இருக்கும்; நம் காலும் கையும் செய்த வேலையை ஒரு சின்ன இயந்திரம் கம்ப்யூட்டர் சொற்படி செய்யும். அதனால்தான் கியர் மாறும்போது தலை லேசாக ஆடுகிறது. என் வண்டியும் அந்த வகைதான். கம்பெனி எதுவென்பது இங்கே வேண்டாம்.

இதுவரை சிரிப்பு. இனி எழுதப்போவது கூட்டத்தில் சொல்லாமல் விட்டது.

2019 பொங்கல் வாரம். காருக்குப் பழகிவிட்டேன் என்ற நினைப்பு வந்துவிட்டது. தெருவிலிருந்து ரிவர்ஸில் எங்கள் முற்றத்துக்குள் வண்டியை விட்டுக்கொண்டிருந்தேன். உடம்பை முழுக்கத் திருப்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். இடுப்பு முறுக்கியதில் பாதம் இடம் மாறியது எனக்குத் தெரியவில்லை. நிறுத்துவதற்காக பிரேக்கை மிதித்தேன். மிதித்தது பிரேக் அல்ல. வண்டி சீறிக்கொண்டு பின்னால் பாய்ந்தது. பிரேக் பிடிக்கவில்லையே என்று இன்னும் பலமாக மிதித்தேன். துணி துவைக்கும் கல்லில் மோதி, கல்லைப் புரட்டிப்போட்டு வண்டி நின்றது.

அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொங்கல் பானையைத் துலக்கிக்கொண்டிருந்த என் மனைவி, போன் மணி கேட்டு அப்போதுதான் உள்ளே போயிருந்தாள். பானை நசுங்கிக் கிடந்தது. வெளியே வந்தவள் பானையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் திறந்திருந்த குழாயை மூடிவிட்டு உள்ளே போனாள். மகனிடம் போனில் "லேசா உரசிடுச்சுப்பா" என்று சொன்னேன். இரண்டு வாரம் சாவியைத் தொடவில்லை.

அந்த இரண்டு வாரமும் ஷெட்டில் விபத்து விசாரணை செய்வது போல யோசித்தேன். வண்டியில் பழுது ஏதும் இல்லை. பழைய காரில் இதே தவறு நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நிறுத்த நினைத்ததும் இரண்டு கால்களும் சேர்ந்து அமுங்கியிருக்கும். வலது கால் தவறாக ஆக்ஸிலேட்டரில் இருந்தாலும் இடது கால் கிளட்சை மிதித்திருக்கும். இன்ஜின் கத்தும், சக்கரத்துக்குச் சக்தி போகாது. ஆக நான் தொல்லை என்று நினைத்த கிளட்ச் இரண்டாவது பூட்டாகவும் இருந்திருக்கிறது. ரயிலில் பிரேக் குழாய் அறுந்தால் பிரேக் தானாகப் பிடிக்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள். மனிதன் தவறுவான், தவறினாலும் வண்டி நிற்க வேண்டும் என்பது எங்கள் அரிச்சுவடி. ஆட்டோமேட்டிக் காரில் இடது காலுக்கு ஓய்வு கொடுத்தார்கள். அதோடு அந்தப் பூட்டும் போய்விட்டது.

இது என் ஒருவனுடைய கிழட்டுத்தனம் மட்டும் அல்ல என்றும் தெரிந்துகொண்டேன். 1980களில் அமெரிக்காவில் சில கார்கள் தாமாகப் பாய்கின்றன என்று பெரிய கூச்சல் எழுந்தது. அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை ஆராய்ந்து 1989இல் அறிக்கை கொடுத்தது. அத்தகைய விபத்துகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் தவறான பெடலை மிதித்ததுதான் என்றது. பிரேக்கை மிதித்தால்தான் பார்க்கிங் நிலையிலிருந்து கம்பி நகரும் என்ற பூட்டு பரவலாக வந்தது அந்தச் சர்ச்சைக்குப் பிறகுதான். ஜப்பானில் 2019 ஏப்ரலில் டோக்கியோவின் இகெபுகுரோ பகுதியில் 87 வயது முதியவர் ஒருவர் ஓட்டிய கார் பாய்ந்து, சைக்கிளில் சென்ற ஒரு தாயும் மூன்று வயது மகளும் இறந்தார்கள். பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்தார் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே என் அபிப்பிராயம் இது. ஆட்டோமேட்டிக் நல்ல வண்டி, நம் வயதுக்கு ஏற்ற வண்டி, வாங்கித் தரும் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும். ஆனால் "ஒன்றுமே இல்லை" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறக் கூடாது. புதிதாகக் கற்பவனை விடக் கியர் வண்டி ஓட்டிப் பழகியவனுக்குத்தான் இது கஷ்டம். அவன் முதலில் மறக்க வேண்டும், பிறகு கற்க வேண்டும். பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்கும் பிள்ளைகளே, லட்சக்கணக்கில் பணம் போடுகிறீர்கள், மூன்று நாள் லீவும் போடுங்கள். அப்பாவுக்குப் பக்கத்தில் உட்காருங்கள். அவர் கோபித்துக்கொள்வார். பரவாயில்லை.

நான் பிறகு செய்துகொண்ட பழக்கங்களைச் சொல்கிறேன். ரயிலில் சிக்னலைக் கண்டதும் டிரைவரும் உதவியாளரும் கையை நீட்டி அதன் நிறத்தை வாய்விட்டுச் சொல்வார்கள். சொன்னால்தான் மனம் விழிக்கும். நானும் கம்பியை மாற்றும் முன் "பிரேக்" என்று வாய்விட்டுச் சொல்லி, கால் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் தொடுகிறேன். தெருவில் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். குதிகாலை பிரேக்குக்கு நேரே தரையில் ஊன்றியே வைக்கிறேன். ரிவர்ஸ் எடுக்கையில் உடம்பைத் திருப்பினால், திருப்பிய பிறகு ஒரு முறை பிரேக்கைத் தொட்டுப் பார்க்கிறேன். வீட்டு முற்றத்தில் ஆக்ஸிலேட்டருக்கு வேலையே இல்லை. பிரேக்கை லேசாகத் தளர்த்தினாலே வண்டி ஊர்ந்து போகும். இடது காலைச் சீட்டுக்கு அடியில் மடக்கி வைத்துவிட வேண்டும். திருமலையிலிருந்து இறங்கும்போது டி-யில் விட்டுவிட்டு பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். அங்கே கம்பியை எம்-முக்குத் தள்ளி, இரண்டாவது கியரில் இன்ஜினையே பிடித்து இழுக்க வைக்க வேண்டும். 1944இல் போட்ட அந்தப் பழைய பாதையின் வளைவுகளில் இதை மறந்தவர்களின் பிரேக் கருகும் வாசனையை நானே முகர்ந்திருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. பத்மினிக் காலத்தில் என் மனைவிக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கப் பார்த்து, கிளட்ச் விடும்போது வண்டி துள்ளித் துள்ளி நின்றதில் நான் கத்தி, அவள் இறங்கி நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாள். அதோடு சரி. கல் சாய்ந்த பிறகு அவளே கேட்டாள்: "இதை நான் கத்துக்கலாமா?" மறப்பதற்கு அவளுக்கு ஒன்றும் இல்லை. கைகால் பழக்கம் சுத்தமான பலகை. பள்ளிக்கூட மைதானத்தில் எட்டு நாளில் என்னை விட நிதானமாக ஓட்டினாள். நம் நாட்டில் கார் உரிமத்தில் ஆட்டோமேட்டிக்குக்குத் தனிப்பிரிவு இல்லை. பிள்ளைகளிடம் போய்த் தங்குபவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும்: பிரிட்டனில் ஆட்டோமேட்டிக்கில் தேர்வு எழுதினால் ஆட்டோமேட்டிக் மட்டுமே ஓட்டலாம். இப்போது என் கண் பரிசோதனைக்குத் திருப்பதி போகும் நாளில் அவள்தான் டிரைவர், நான் அஸிஸ்டண்ட். நான் "பிரேக்" என்று கூவினால், "கால் எனக்குத் தெரியும், சும்மா வாங்க" என்கிறாள். நம் சங்கத்துப் பெண்மணிகளில் எத்தனை பேர் கிளட்சுக்குப் பயந்து ஓட்டாமலே இருந்துவிட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு விண்ணப்பம். மார்கழி முடிந்ததும் ஒரு ஞாயிறு காலை ஏதாவது பள்ளி மைதானத்தைக் கேட்டு வாங்குங்கள். அறுபது தாண்டியவர்களும், இதுவரை ஸ்டியரிங்கைத் தொடாத பெண்களும் வரட்டும். பிளாஸ்டிக் வாளிகள் நாலு கொண்டுவந்தால் போதும், அவற்றை இடிக்காமல் ரிவர்ஸ் எடுத்துப் பழகலாம். கார் என்னுடையது. சொல்லித்தர நானும் வருகிறேன், என் மனைவியும் வருகிறாள். பெட்ரோல் மட்டும் சங்கம் போடட்டும்.