சின்னப் பால்

நான் படித்த பிரெஞ்சில், பால் திரிந்தபின் நிற்கும் தண்ணீருக்கு 'பெத்தி லே' என்று பெயர். சின்னப் பால் என்று அர்த்தம். பாலாடைக்கட்டி 1 கிலோ செய்தால் இது சுமார் 9 லிட்டர் மிஞ்சும். இதிலுள்ள பால் சர்க்கரை ஏறக்குறைய 5 சதவீதம். அப்படியே வாய்க்காலில் விட்டால், அது அழுகி, நீரின் ஆக்சிஜனைக் குடித்து மீனைக் கொல்லும்.

அந்தச் சர்க்கரையைத் தின்று உடம்பில் கொழுப்புச் சேர்க்கும் ஈஸ்ட் உண்டு. பாமாயில் போன்ற எண்ணெய் அதிலிருந்து கிடைக்கும். அமெரிக்காவின் அயோவாவில் 1978-லேயே செய்து காட்டிவிட்டார்கள்.

"பாமாயிலே மலிவு, இது கட்டுப்படியாகாது" என்பார்கள். குமாஸ்தாவாக இருந்தவன் சொல்கிறேன்: எண்ணெய் விற்ற காசு மட்டும் வரவல்ல. கழிவைச் சுத்திகரிக்கும் செலவு குறைவதும் வரவுதான். கண்டமங்கலம் போல மாட்டை நம்பிய ஊர்கள் உள்ள மாவட்டத்தில், பனீர் போடும் பண்ணை ஒன்றிலாவது ஒரு சிறு தொட்டி வைத்துப் பார்க்கலாமே. செலவை ஊர்க் கிணற்றின் தலையில் எழுதக் கூடாது.