முழங்காலுக்கு எத்தனை சதவீதம்?

கும்மிடிப்பூண்டி சிப்காட் சாலையில் விடியற்காலை ஐந்து மணிக்கு ஒருவர் ஓடினால், பார்க்கிறவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் நினைப்பார்கள். சென்ட்ரல் போகிற லோக்கல் ரயிலைப் பிடிக்க ஓடுகிறார். இல்லையென்றால் நாய் துரத்துகிறது. "உடம்புக்காக ஓடறேன்" என்று சொன்னால் சிரிப்பார்கள். நாள் முழுக்க இரும்புக் கம்பியோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு எக்சர்சைஸ் வேறு கேடா என்பார்கள்.

அப்படிச் சிரிப்புக்கு ஆளாகிற ஒருவரைச் சந்தித்தேன். வயது 34. வீடு கவரைப்பேட்டைப் பக்கம். கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் காண்ட்ராக்ட் வேலை. உருண்டு வருகிற கம்பிகளை அளந்து, சரிபார்த்து, கட்டுப் போடும் பிரிவு. பெயர் போடாதீர்கள் என்றார். வேலை போய்விடும். அதனால் தம்பி என்றே வைத்துக்கொள்வோம்.

தம்பிக்கு ஒரே ஆசை. ஜனவரியில் நடக்கிற சென்னை மாரத்தானில் 21.1 கிலோமீட்டர் ஓட வேண்டும். முழு மாரத்தான் 42.195 கிலோமீட்டர். அதாவது, சென்ட்ரலில் ரயில் ஏறி கிட்டத்தட்ட கவரைப்பேட்டையில் இறங்குகிற தூரம். "பாதி தூரமாச்சும் என் கால்ல ஓடிப் பாக்கணும் சார்" என்றார். யாரிடமும் பயிற்சி பெறவில்லை. சேமித்த காசில் ஒரு ஷூ வாங்கி, லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி ஓட ஆரம்பித்தார்.

ஆறாவது வாரம் முழங்கால் வலி வந்தது. முட்டிச் சில்லுக்குப் பின்னால், யாரோ உள்ளே இருந்து அழுத்துகிற மாதிரி. மாடிப்படி இறங்கும்போது உயிர் போகிற வலி.

தம்பிக்கு மூன்று இடத்தில் இருந்து யோசனை வந்தது.

ஒரு கிளினிக்கில் ஊசி போட்டுவிட்டு, "ஓட்டத்தை விடுப்பா, மூட்டு தேஞ்சிடும்" என்றார்கள். கூட ஓடுகிற நண்பர்கள், "வலி வரத்தான் செய்யும், மாத்திரையைப் போட்டுட்டு ஓடு, வலியைத் தாண்டினாத்தான் வெற்றி" என்றார்கள். அம்மா திருவள்ளூர் போய் வைத்திய வீரராகவரை வேண்டிக்கொண்டு, கோயில் குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டு வந்தார்.

மூன்றில் அம்மா செய்ததை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். அதில் அவர் யாருடைய முழங்காலையும் கெடுக்கவில்லை. மற்ற இரண்டு யோசனைகளோடும் எனக்குச் சண்டை இருக்கிறது.

முதலில் அந்த 'தேஞ்சிடும்'.

நம் ஊரில் முழங்கால் என்றால் டயர் என்று நினைக்கிறோம். இத்தனை கிலோமீட்டர் ஓடினால் இத்தனை தேயும், பத்திரமாக வைத்துக்கொண்டால் ரொம்ப நாள் வரும் என்று கணக்கு. முழங்கால் டயர் இல்லை. உயிருள்ள சமாச்சாரம். மூட்டுக்குள் இருக்கிற குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. பஞ்சை அழுத்தி விட்டால் தண்ணீர் வெளியே போய்த் திரும்ப உள்ளே வருகிற மாதிரி, பளு ஏறி இறங்கும்போதுதான் அதற்கு ஊட்டம் போய்ச் சேர்கிறது. பளு ஏற வேண்டும், பிறகு இறங்கவும் வேண்டும். இதில் எது இல்லாவிட்டாலும் மூட்டுக்குக் கேடுதான்.

2017ல் பல ஆய்வுகளைத் தொகுத்து ஒரு மருத்துவ இதழில் ஒரு கணக்கு வெளியானது. இடுப்பு, முழங்கால் மூட்டுகளில் தேய்மான நோய் யாருக்கு எவ்வளவு என்பது விஷயம். ஓடாமல் இருப்பவர்களில் 10.2 சதவீதம். ஆரோக்கியத்துக்காகவும் ஆசைக்காகவும் ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம். போட்டிக்காகவே வாழ்கிற தீவிர ஓட்டக்காரர்களில் 13.3 சதவீதம். மூட்டு நன்றாக இருப்பவர்கள்தான் ஓடவே வருவார்கள் என்று ஒருவர் வாதம் பண்ணலாம். நியாயமான வாதம். ஆனால் 'ஓடினாலே தேய்ந்துவிடும்' என்பதற்கு இந்தக் கணக்கில் இடமில்லை.

தம்பிக்கு வந்த மாதிரி முட்டிச் சில்லைச் சுற்றி வருகிற வலி, புதிதாக ஓட ஆரம்பிப்பவர்களுக்குச் சகஜம். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். உடம்பு பழகுவதற்கு முன்னால் தூரத்தைக் கூட்டிவிடுவது. அதற்கு மருந்து ஓட்டத்தை ஒரேயடியாக விடுவது அல்ல. தூரத்தைக் குறைப்பது, எட்டை நீட்டி வைக்காமல் சின்னச் சின்ன எட்டாக வைப்பது, தொடைக்கும் இடுப்புக்கும் பலம் கூட்டுகிற பயிற்சிகளைப் பொறுமையாக வாரக்கணக்கில் செய்வது. முழங்கால் வீங்கினாலோ, பூட்டிக்கொண்டாலோ, திடீரென்று மடங்கி ஆளை விழத்தள்ளினாலோ மட்டும் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். மன்னிக்கவும், போக வேண்டும்.

அடுத்து அந்த 'வலியைத் தாண்டு' கூட்டம். டி-ஷர்ட்டின் முதுகில் அச்சடிக்க நல்ல வாசகம். வலி என்பது உடம்பு அனுப்புகிற கடிதம். மாத்திரை போட்டுவிட்டு ஓடுவது, கடிதத்தைப் படிக்காமல் கிழித்துப் போடுகிற வேலை. கும்மிடிப்பூண்டி வெயிலில், வியர்த்துக் கொட்டி, உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கும்போது வலி மாத்திரையும் சேர்ந்தால் அடி வாங்குவது முழங்கால் அல்ல, கிட்னி.

சரி, தூரத்தைக் கூட்டியதுதான் பிரச்னை, குறைத்தால் போச்சு என்று இந்தக் கட்டுரையை இத்தோடு முடித்திருப்பேன். தம்பி கையில் ஒரு நோட்டு இருந்தது.

நாற்பது பக்க நோட்டு. அதில் கோடு போட்டு நாலு காலம். தேதி, ஓடிய தூரம், வேலை பார்த்த நேரம், வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க். பி.காம். படித்தவனிடம் இப்படி ஒரு நோட்டு சிக்கினால் கை சும்மா இருக்குமா? உட்கார்ந்து கூட்டிக் கழித்துப் பார்த்தேன்.

வார விடுமுறை நாளில் 14 கிலோமீட்டர் ஓடியிருக்கிறார். வலிக்கு மூன்று மார்க். இன்னொரு நாள் ஒரு அடிகூட ஓடவில்லை, ஆனால் ஓ.டி. சேர்த்துப் பன்னிரண்டு மணி நேர வேலை. வலிக்கு ஆறு மார்க். பன்னிரண்டு மணி நேர வேலைக்கு மறுநாள் காலையில் வெறும் ஐந்து கிலோமீட்டர் ஓடியிருக்கிறார். எட்டு மார்க். பக்கத்துக்குப் பக்கம் கிட்டத்தட்ட இதே கதை.

ஒரு மனிதரின் நோட்டு ஆராய்ச்சி ஆகாது. ஆனால் பாரம் தூக்குகிற, குனிந்து, குந்தி, முட்டி போட்டு வேலை செய்கிறவர்களுக்கு முழங்கால் மூட்டு நோய் அதிகம் என்பது மருத்துவ உலகம் எப்போதோ ஒப்புக்கொண்ட விஷயம். தம்பி சிமெண்ட் தரையில், பாதுகாப்பு ஷூவில், மணிக்கணக்கில் நிற்கிறார். கட்டுப் போடக் குனிகிறார். மறுபடி நிற்கிறார். முழங்காலில் ஏறிய பளு இறங்குவதற்கு வழியே இல்லை.

"உட்கார எதுவும் கிடையாதா?" என்று கேட்டேன்.

"ஒரு ஸ்டூல் கேட்டேன் சார். உக்காந்தா தூங்கிடுவேன்னுட்டாரு சூப்பர்வைசர்."

இது சூப்பர்வைசரின் கருணையைப் பொறுத்த விஷயம் இல்லை. சட்டம். 1948ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 44வது பிரிவு, நின்று வேலை செய்ய வேண்டிய தொழிலாளிகளுக்கு, இடையில் ஓய்வு கிடைக்கும்போது உட்கார ஏற்பாடு செய்தே ஆக வேண்டும் என்றது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டமும் உட்காரும் வசதியைச் சொல்கிறது. கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமை கொடுத்து 2021ல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்தபோது நாம் எல்லோரும் கைதட்டினோம். தி.நகர் ஜவுளிக் கடைப் பெண்களுக்கு அப்போதுதான் கிடைத்த உரிமை, தொழிற்சாலைத் தொழிலாளிக்கு 1948லேயே காகிதத்தில் கிடைத்துவிட்டது. காகிதத்தின் மேல் உட்கார முடியாது என்பதுதான் சிக்கல்.

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன். தேய்மானம்.

காமர்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும், இயந்திரம் வாங்கினால் வருஷா வருஷம் அது தேய்கிறது என்று கணக்கில் எழுத வேண்டும். வருமான வரிக் கணக்கில் சாதாரண இயந்திரத்துக்கு ஆண்டுக்கு 15 சதவீதம். 2013ம் ஆண்டு கம்பெனிகள் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. இயந்திரம் இரண்டு ஷிஃப்ட் ஓடினால் அந்தக் காலத்துக்குத் தேய்மானம் 50 சதவீதம் கூடுதல். மூன்று ஷிஃப்ட் ஓடினால் 100 சதவீதம் கூடுதல். சில விதிவிலக்குகள் உண்டு. ஆனால் தத்துவம் இதுதான்: அதிக நேரம் உழைக்கிற இரும்பு அதிகம் தேயும்.

இரும்புக்குத் தெரிகிற இந்த நியாயம் எலும்புக்கு ஏன் தெரியவில்லை? தம்பியின் முழங்கால் ஒன்றரை ஷிஃப்ட் நிற்கிறது. எந்தக் கணக்கில் எத்தனை சதவீதம் எழுதுகிறீர்கள்? ஓ.டி. பணம் கொடுக்கிறோமே என்பார்கள். பணம் உழைப்புக்குக் கூலி. தேய்மானத்துக்கு ஈடு ஓய்வு மட்டும்தான். இயந்திரத்துக்கு எண்ணெய் விட நிறுத்துகிறார்கள். பராமரிப்புக்கு நிறுத்துகிறார்கள். மனிதன் நின்றால் நிற்க வேண்டியதுதான், உட்காரக் கூடாது.

ஈ.எஸ்.ஐ. இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. உரிய நாட்கள் சந்தா கட்டியிருந்தால், டாக்டர் சான்றிதழோடு, வருடத்தில் 91 நாள் வரைக்கும் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். நல்ல திட்டம். ஆனால் காண்ட்ராக்ட் தொழிலாளி மூன்று நாள் படுத்தால் நாலாவது நாள் அவர் இடத்தில் வேறு ஆள் நிற்பார். சான்றிதழை யாரிடம் காட்டுவது?

முழங்காலை வென்று ஓடியவர் யாரும் இல்லையா என்றால், நம் மாநிலத்திலேயே பிரபலமான ஒருவர் இருக்கிறார். 2021ல் சுகாதார அமைச்சரான மா.சுப்பிரமணியன். 2004ல் சாலை விபத்தில் முழங்காலில் பலத்த அடி. அதிலிருந்து மீண்டு, நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான் ஓட்டங்களை முடித்தவர். மனதார மெச்ச வேண்டிய விஷயம். தம்பிக்கும் அவர்தான் முன்மாதிரி. அவர் அமைச்சராக இருந்த 2023ல் மாவட்டம்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதைத் திட்டமும் வந்தது.

அதே 2023 ஏப்ரலில், அவர் அங்கம் வகித்த அதே அரசு, பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் கொதித்து எழுந்த பிறகு மே தினத்தன்று வாபஸ் என்று அறிவித்தார்கள். வாபஸ் வாங்கியது நல்லது. ஆனால் யோசித்துப் பாருங்கள். எட்டு கிலோமீட்டர் நட என்று ஒரு கை சொல்கிறது. பன்னிரண்டு மணி நேரம் நில் என்று இன்னொரு கை எழுதுகிறது. நடந்துவிட்டு நிற்பதா, நின்றுவிட்டு நடப்பதா?

என் கட்சி இதுதான். தம்பி ஓடுவது அவருடைய நாளில் அவராக விரும்பிச் செய்கிற ஒரே காரியம். வலி வந்ததும் எல்லோரும் அதை நிறுத்தத்தான் சொல்கிறார்கள். ஒருவர்கூட நிற்பதைக் குறைக்கச் சொல்லவில்லை. ஏனென்றால் ஓட்டத்தை விட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. ஷிஃப்ட்டை விட்டால் உற்பத்தி குறையும். அதனால் பழி ஓட்டத்தின் தலையில்.

தம்பிக்கு நான் சொன்னது சாதாரண யோசனை. பன்னிரண்டு மணி நேரம் பார்த்த மறுநாள் ஓடாதே. தொடைப் பயிற்சியை விடாதே. வரும் ஜனவரியில் 21ஐ விட்டு 10 கிலோமீட்டருக்குப் பெயர் கொடு. அரை மாரத்தான் எங்கேயும் போய்விடாது. சரி என்றார், முகம் வாடியபடி.

முதலாளிகளுக்கும் தொழிற்சாலை ஆய்வாளர்களுக்கும் என் யோசனை அதைவிட எளிது. மாரத்தானுக்கு ஸ்பான்சர் செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் உங்கள் ஷெட்டுக்குள் போய், நின்று வேலை செய்கிறவர்களை எண்ணுங்கள். பிறகு உட்கார இருக்கிற இடத்தை எண்ணுங்கள். இரண்டு எண்ணும் பொருந்தாத வரை உங்களுடைய ஆரோக்கிய விழிப்புணர்வு வெறும் விளம்பரச் செலவு.

தம்பியின் ஆலையும் பாதுகாப்பு வாரத்தில் ஊழியர்களுக்கு ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் நடத்தியது. தம்பிதான் முதல் பரிசு. செல்போனில் போட்டோவைக் காட்டினார். பெரிய அதிகாரிகள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். கோப்பை மேஜையில் உட்கார்ந்திருக்கிறது. ஜெயித்த தம்பி, ஓரமாக, நின்றுகொண்டிருக்கிறார்.