கருஞ்சீரகமும் பைத்துல் ஹிக்மாவும்

திருநகரில் உறவினர் ஒருவரை நலம் விசாரிக்கச் சென்றிருந்தேன். நீரிழிவு மாத்திரைகளை நான்கு மாதங்களாக நிறுத்திவிட்டுக் கருஞ்சீரகப் பொடியை மட்டுமே நம்பியிருந்தவர். இப்போது வலக்காலில் ஒரு விரல் இல்லை. அவர் தலைமாட்டில் இருந்த கைபேசியில் அப்போதும் ஓர் உரை ஓடிக்கொண்டிருந்தது. இப்னு ஸீனா இல்லையேல் ஐரோப்பாவுக்கு மருத்துவமே இல்லை என்பது அதன் சாரம்.

இவ்விரண்டும் ஒரே வீட்டில் எப்படிக் குடியிருக்கின்றன? முன்னோரின் மருத்துவப் பெருமையை முழங்குகிறோம். அவர்களை மருத்துவர்களாக்கிய பண்பையோ காலில் போட்டு மிதிக்கிறோம்.

அந்தப் பண்பு யாது? கற்றோர் எவராயினும் தேடிச் சென்று கற்பது. அப்பாஸிய பக்தாதில் கலீனஸின் நூல்களை மொழிபெயர்த்தோருள் தலைசிறந்தவர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக், ஒரு கிறிஸ்தவர். கலீனஸின் 129 நூல்களைப் பட்டியலிட்டு, எதை யார் மொழிபெயர்த்தார் என்றும் குறித்துவைத்தார். பர்மகீ குலத்து அமைச்சர் யஹ்யா, மன்கா என்ற இந்திய மருத்துவரைக் கொண்டு சுஸ்ருதரின் நூலை மொழிபெயர்க்கச் செய்தார். காஃபிரின் நூல் என்று எவரும் அதனை எறிந்துவிடவில்லை. கற்றதோடும் அவர்கள் நின்றுவிடவில்லை. அர்ராஸீ கலீனஸின் மீதான ஐயங்களைத் தனி நூலாகவே எழுதினார். 1288இல் மறைந்த இப்னுந் நஃபீஸ், நுரையீரல் வழியே குருதி செல்வதை விளக்கியபோது கலீனஸை மட்டுமன்றி இப்னு ஸீனாவையும் மறுத்தார். நம் காணொளிக்காரர்களோ இப்னு ஸீனாவைச் சுவரில் மாட்டும் படமாக்கிவிட்டனர்.

"நபிமருத்துவம் இருக்க வேறு மருத்துவம் எதற்கு?" என்று கேட்போர் உளர். கருஞ்சீரகம் பற்றிய ஹதீஸை நானும் ஏற்கிறேன். ஆனால் அபூதாவூத் தொகுப்பில் இன்னொரு செய்தியும் இருக்கிறதே! ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) நோயுற்றபோது, ஸகீஃப் குலத்து மருத்துவர் அல்ஹாரிஸ் பின் கலதாவிடம் செல்லுமாறு நபிகளார் (ஸல்) பணித்தார்கள். இந்த ஹாரிஸ் பாரசீகத்து ஜுந்தைஷாபூரில் மருத்துவம் பயின்றவர் என்று பிற்கால ஆசிரியர்கள் எழுதினர். அவர் இஸ்லாத்தை ஏற்றாரா என்பதிலேயே கருத்து வேறுபாடு உண்டு. மருந்தையும் சொல்லி, மருத்துவரிடமும் அனுப்பியதே நபிவழி. பாதியை மட்டும் பயானில் சொல்வது எவ்வகை நேர்மை?

நம் மண்ணும் இதையே சொல்கிறது. திருநகரிலிருந்து சிறிது தொலைவில் கீழக்குயில்குடிச் சமணர் மலை நிற்கிறது. உணவு, அடைக்கலம், கல்வி ஆகியவற்றோடு மருந்தையும் தானமாக வகுத்தவர்கள் சமணர்கள். அவர்களின் உறைவிடத்துக்குப் பெயர் பள்ளி. அச்சொல்தான் நம் பள்ளிவாசலுக்கும் வந்து சேர்ந்தது. காஞ்சிபுரத்துக்கு அருகே திருமுக்கூடல் கோயிலின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, வீரராசேந்திரன் காலத்தில் அங்கே மாணவர் பயிலும் கல்விச்சாலையும் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலையும் ஒருங்கே இயங்கியதைப் பதிவுசெய்கிறது. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்கள் என ஒவ்வொருவருக்கும் ஊதியம் குறித்துச் செதுக்கியிருக்கிறார்கள்! கெய்ரோவில் 1284இல் சுல்தான் கலாவூன் நிறுவிய மருத்துவமனையும் அவ்வாறே. செல்வர், ஏழை என்ற பேதமின்றி நோயாளரை ஏற்றது, அதன் செலவை வக்ஃபுச் சொத்துகள் தாங்கின.

ஜமாஅத் நிர்வாகிகளைக் கேட்கிறேன்: மினாராவுக்கு வண்ணம் பூசும் தொகைக்கு எதிரே, மருத்துவத்துக்கு என்ன எழுதியிருக்கிறீர்கள்? மாதத்தில் ஒரு ஜும்ஆவுக்குப் பின் ஒரு மணி நேரம், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சோதிக்க ஒரு செவிலியர், ஒரு மேசை. அன்றைய பயானில் கருஞ்சீரகத்தோடு ஹாரிஸின் பெயரும் வரட்டும். என் உறவினர் முதல் வரிசையில் நாற்காலி போட்டு அமர்வதாகச் சொல்லியிருக்கிறார். தரையில் அமர அவரால் இனி இயலாது.