குழாயோடு வாழ்வோர்

"கால் கழுவி வந்தேன்" என்றாற்போல, வெளிப்படக் கூறலாகாதனவற்றை மறைத்துக் கூறும் வழக்கத்தை நம் இலக்கண நூலார் இடக்கரடக்கல் என்பர். அவையினிடத்து நாகரிகங் காத்தற்கு அது வேண்டுவதே. ஆயினும் அவ்வடக்கம் நோயாளியின் கட்டிலண்டை வந்து நின்று, கேட்கவேண்டியதைக் கேளாமலும் சொல்லவேண்டியதைச் சொல்லாமலும் வாயை மூடுவிக்குமாயின், அது நாகரிகமன்று, தீங்கேயாம். கல்லூரி மலரிற் சிறுநீர்க் குழாயைப்பற்றி ஒரு கட்டுரையா என்று நகைப்பார் உளராயின், அவர்க்கு எம் விடை இதுவே. பாட்டனாரோ தந்தையாரோ இத்தகைய குழாயோடு படுக்கையிலிருக்கும் இல்லங்களிலிருந்து இக்கல்லூரிக்கு வரும் மாணாக்கர் ஒருவரிருவரல்லர். அவர்கள் நகையார்.

தாமாகச் சிறுநீர் கழிக்க இயலாதார்க்குச் சிறுநீர்ப்பையினுட் செலுத்தப்படும் மெல்லிய குழாயே கதீட்டர் எனப்படுவது. அமெரிக்க மருத்துவராகிய பிரெடரிக் ஃபோலி என்பார் 1930-களில் அதன் நுனியில் ஒரு சிறு பலூனை அமைத்தார். குழாய் உள்ளே சென்றபின் பலூனில் நீரேற்றினால் அது வழுவாது நிற்கும். வெளிமுனை ஒரு பையோடு இணைக்கப்படும். மரத்தினின்றோ வாகனத்தினின்றோ வீழ்ந்து முதுகெலும்பு முறிந்தோர், பக்கவாதத்தாற் படுத்தோர், புராஸ்டேட் சுரப்பி வீங்கி நீர் அடைபட்ட முதியோர் முதலாயினார் இதனை வாரக்கணக்கிலும், சிலர் ஆண்டுக்கணக்கிலும் சுமக்கின்றனர். உயிர் காக்கும் கருவி என்பதில் ஐயமில்லை. எனினும் உடலின் உள்ளறைக்கும் வெளியுலகுக்கும் இடையே இரவும் பகலும் திறந்து கிடக்கும் வாயிலும் அதுவே.

முதல் உலகப்போரில் முதுகுத்தண்டு முறிந்த போர்வீரருட் பெரும்பாலோர் காயத்தால் உடனே மாண்டாரல்லர். பிழைத்து வீடு திரும்பும் நம்பிக்கையோடு கிடந்து, படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்வழிப் புகுந்த கிருமியாலும் மாண்டனர். 1944-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் லுட்விக் குட்மன் என்பார் அத்தகையோர்க்கென ஒரு பகுதியைத் தொடங்கியபோது, தோலைக் காப்பதனையும் சிறுநீர்ப்பையைக் காப்பதனையும் தம் முறையின் அடிப்படையாக வைத்தார். 1958-இல் பால் பீசன் என்னும் அமெரிக்க மருத்துவர், கதீட்டருக்கு எதிரான வழக்கு என்னும் பொருள்படத் தலைப்பிட்டு ஒரு தலையங்கமே எழுதினார். அந்நாளிற் குழாயின் முனையைக் கட்டிலண்டையுள்ள திறந்த புட்டியில் விட்டுவைப்பது வழக்கம். நான்கு நாட்களுக்குள் ஏறக்குறைய எல்லார் சிறுநீரிலும் கிருமி தோன்றிவிடும். 1966-இல் குனின், மக்கார்மக் என்னும் இருவர், குழாயும் பையும் இடைவெளியின்றி மூடப்பட்டிருப்பின் கிருமி புகுதல் பெரிதும் தாமதமாகும் என்று காட்டினர். புதிய மருந்து ஒன்றும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை என்பதை ஈண்டுக் கருதுக. திறந்திருந்ததை மூடினர், அவ்வளவே.

யாம் கொண்ட கருத்தும் அதனையொட்டியதே. குழாயோடு வாழ்வாரைச் சிறுநீர்வழி நோயினின்று காப்பது பெரும்பாலும் மருந்துச் சீட்டன்று, வீட்டாருடைய கையாகும். அக்கைக்குப் பயிற்சி கொடாமல் நோயாளியை வீட்டுக்கனுப்புதல் மருத்துவத்தைப் பாதியில் நிறுத்துவதை ஒக்கும்.

கிருமி எவ்வாறு ஏறுகின்றது என்பதை அறிந்தாலன்றி இக்கூற்று விளங்காது. அதற்கு வழி இரண்டு. ஒன்று, குழாயின் வெளிப்புறமாக, தோலுக்கும் குழாய்க்கும் இடைப்பட்ட ஈரத்தின் வழியே. மற்றொன்று, குழாயும் பையும் இணையும் மூட்டு, பையின் அடியிலுள்ள திறப்பு ஆகியவற்றின் வழியே உட்புறமாக. ஏறிய கிருமி, குளத்துப் படிக்கல்லிற் பாசி படர்வதுபோலக் குழாயின் சுவரிற் படர்ந்து, வழுவழுப்பான ஒரு போர்வையைத் தனக்குத்தானே நெய்துகொள்கின்றது. அப்போர்வைக்குள் மருந்து எளிதிற் புகாது. புரோட்டியஸ் என்னும் ஒருவகைக் கிருமி, சிறுநீரிலுள்ள யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவாக்கும். அதனாற் காரத்தன்மை மிகுந்து, உப்புக்கள் கல்லாக உறைந்து குழாயை அடைக்கும். அடைபட்ட குழாயிற் பின்தேங்கும் நீரே பெருந்தீங்கு விளைப்பது.

குழாய் வைத்த ஒவ்வொரு நாளும் நூற்றுக்கு 3 முதல் 7 பேர்வரை புதிதாகச் சிறுநீரிற் கிருமி கொள்கின்றனர் என்பது மருத்துவர் கணக்கு. ஒரு மாதங் கடந்தால் ஏறக்குறைய எல்லாரிடத்தும் அது காணப்படும். ஆகவே நெடுநாட் குழாயுடையார்க்குக் கிருமி இருத்தல் வேறு, நோய் கொள்ளுதல் வேறு. இவ்வேறுபாட்டை மறவாதிருத்தல் வேண்டும். பின்னர் இதற்கு வருவோம்.

இனி நம் வீடுகளில் நிகழ்வதைப் பார்ப்போம். சிறுநீர்ப்பைக்குத் தாழ்வாகவே வெளிப்பை எக்காலத்தும் தொங்கவேண்டும். உயர்ந்தால், பையிற் பலமணி நேரம் கிடந்த நீர் கிருமியோடு உள்ளே திரும்பிப் பாயும். இஃது எளிய நீர்நூல். வாய்க்காலுக்கு மடைகட்டும் உழவர்க்கு நாம் கற்பிக்க வேண்டுவதன்று. அங்ஙனமிருந்தும், குளுக்கோஸ் புட்டியைக் கண்டு பழகிய கண்ணினர், இப்பையையும் ஜன்னற் கம்பியில் உயர மாட்டி வைத்திருப்பதை யாம் கண்டுள்ளோம். ஆட்டோவில் ஏற்றும்போது நோயாளியின் மடிமீது வைப்பதும், தூக்குக் கட்டிலிற் கொண்டுபோகும்போது வயிற்றின்மேல் வைப்பதும் எங்கும் உண்டு. அன்பினாற் செய்யப்படுவன இவை. கீழே தொங்கினால் இடறுமே என்னும் அச்சத்தாற் செய்யப்படுவன. வண்டியேற்றுமுன் பையிலுள்ள நீரை வடித்துவிட்டு, கால்மட்டத்திற்றானே பிடித்துக்கொண்டு செல்லலாம் என்று ஒருவர் ஒருமுறை சொல்லியிருப்பின் போதும்.

பாய்மேற் படுத்திருப்போர் நிலை இதனினும் இடர்ப்பாடுடையது. தரையிற் கிடப்பவர்க்குப் பையை எங்ஙனந் தாழ்த்துவது? தரையோ பைக்கு ஆகாது. அதன் திறப்பு மண்ணிற் படும். ஆகவே குழாயுடையார்க்குக் கட்டில் ஆடம்பரமன்று, அது மருந்தினும் முற்படத்தக்கது. ஒரு வாரத்து மாத்திரைக்குச் செலவிடும் பணத்தை ஒரு பழைய நார்க்கட்டிலுக்குச் செலவிட்டால் மிகுந்த பயன் உண்டாம் என்று சொல்ல யாம் தயங்கோம். கட்டிலின் சட்டத்திற் பையை மாட்டி, தரையைத் தொடாமல் நிறுத்தலாம். குழாயைத் தொடையில் ஒட்டுத்துணியாற் பற்றுவித்துவிட்டால், புரளும்போது அது இழுபடாது. இழுபட்டால் சிறுநீர்த்தாரையிற் புண் உண்டாகும், புண்ணிற் கிருமி குடிபுகும். வேட்டியின் மடிப்பிலோ தொடையின் அடியிலோ குழாய் மடிந்து நசுங்காதிருக்கிறதா என்று நாளில் நான்குமுறை பார்த்தல் நன்று.

பையை வடிப்பதிலும் பிழை உண்டு. அதற்கென ஒரு பாத்திரத்தைத் தனியே வைத்தல் வேண்டும். குளியலறையில் எல்லாரும் எடுக்கும் குவளை அதுவன்று. பையின் வாய் பாத்திரத்தைத் தொடலாகாது. தொடுமுன்னும் தொட்டபின்னும் சோப்பிட்டுக் கைகழுவுதல் வேண்டும். குழாயையும் பையையும் இணைக்கும் மூட்டைக் காரணமின்றிப் பிரிக்கலாகாது. இரவுக்குப் பெரிய பை வேண்டுமாயின், காலிற் கட்டிய பையின் அடித்திறப்போடு அதனை இணைக்கலாம்; மேல்மூட்டைக் கழற்ற வேண்டுவதில்லை. குழாய் புகுமிடத்தை நாடோறும் சோப்பும் தண்ணீருங் கொண்டு கழுவினால் அமையும். ஆண்மக்களாயின் முன்தோலை விலக்கிக் கழுவி, மறவாது மீண்டும் முன்னிருந்தவாறே விடவேண்டும். பெண்மக்களாயின் முன்னிருந்து பின்னோக்கித் துடைக்கவேண்டும். டெட்டால் முதலியவற்றைக் கரைத்து அவ்விடத்தில் ஊற்றுதலால் நன்மையில்லை. மெல்லிய தோல் வெந்து புண்ணாவதே மிச்சம்.

தண்ணீர் தாராளமாக அருந்துக என்பது எல்லாருஞ் சொல்வதே. இருதயத்திலோ சிறுநீரகத்திலோ நோயில்லாதார்க்கு அது பொருந்தும். சிறுநீர் வைக்கோல் நிறத்தில் வெளுத்திருப்பது அளவு. மலச்சிக்கலைப்பற்றி மாத்திரம் ஒருவருஞ் சொல்லார். இறுகிய மலம் குழாயை நெருக்கி அடைப்பும் கசிவும் உண்டாக்கும் என்பதை அறியாது, குழாயையே குறைகூறுவர்.

இனி மாத்திரைகளைப்பற்றி எமக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பையில் நீர் சிறிது கலங்கிற்று, வாடை வீசிற்று. உடனே ஒருவர் மருந்துக்கடைக்கு ஓடி ஆன்டிபயாட்டிக் ஐந்து நாளைக்கு வாங்கி வருகின்றார். கலக்கமும் வாடையும் மாத்திரமே நோய்க்கு அறிகுறியாகா. முன்சொன்ன வேறுபாட்டை இங்கே பொருத்திக் காண்க: ஒரு மாதங் கடந்த குழாயுடையாரின் நீரைச் சோதித்தாற் கிருமி இருந்தே தீரும், அதற்கு மருந்து கொடுத்தால் சின்னாளில் அக்கிருமி மீளும், அல்லது அம்மருந்துக்கு அடங்காத வேறொன்று அவ்விடத்தைப் பற்றும். பின்பு மெய்யாகவே காய்ச்சல் வந்து உயிருக்கு ஊசலாடும்போது, கைக்கு எட்டிய மருந்தெல்லாம் முன்னமே வீணாய்ப் போயிருக்கும். நோய்க்குறியின்றி இத்தகையார்க்குச் சோதனையும் மருந்தும் வேண்டா என்றே தொற்றுநோய் மருத்துவ அறிஞர் வகுத்துள்ளனர். முன்காப்பாக நாடோறும் ஆன்டிபயாட்டிக் கொடுத்து வருதலையும் அவர்கள் பொதுவிதியாக ஒப்புவதில்லை. மெய்யான நோய்க்குறி தோன்றியவிடத்து, குழாய் இரண்டு வாரத்திற்கு மேற்பட்டதாயின், அதனை மாற்றிப் புதுக்குழாயினின்று நீரெடுத்துச் சோதிப்பதே முறை. பையிலிருந்து எடுத்த நீர் பையின் கதையைச் சொல்லுமேயன்றி நோயாளியின் கதையைச் சொல்லாது.

இடையே ஒரு விந்தை. மலச்சிக்கலுற்ற முதியோர் சிலரிடத்து வெளிப்பை திடீரென ஊதாநிறங் கொள்ளும். வீட்டார் திகைப்பர், செய்வினை என்பாரும் இருப்பர். குடலில் உணவின் கூறொன்று சிதைந்து, இரத்தத்தின் வழியே சிறுநீரை அடைந்து, அங்குள்ள கிருமிகளால் நீலமும் செம்மையுமாகிய இரு சாயமாக மாறுவதே அதன் காரணம். அந்நீலம் அவுரிச் செடியினின்று சாயக்காரர் எடுக்கும் நீலமேயாம்! நிறம் பெரும்பாலும் தீங்கற்றது. மலச்சிக்கலைத் தீர்த்துக் குழாயை மாற்றுவது வழக்கம்.

எனினும் எந்தக் காவலினும் மேம்பட்டது குழாய் இல்லாமையே. இது வேடிக்கையாகச் சொன்னதன்று. அவசரத்தில் வைத்த குழாய் அவசரம் தீர்ந்தபின்னும் எடுப்பாரின்றி நின்றுவிடுவது எங்கும் உண்டு. செவிலியர்க்கும் உறவினர்க்கும் அது வசதியாயிருத்தலே காரணம். 1972-இல் அமெரிக்காவின் மிச்சிகனைச் சேர்ந்த ஜாக் லாபிடஸ் என்பார், நாளிற் சிலமுறை நோயாளி தாமே தூய கையாற் குழாயைச் செலுத்தி நீரைக் கழித்து உடனே எடுத்துவிடலாம் என்று வெளியிட்டார். கிருமியறவே நீக்கிய கருவியன்றி ஆகாது என்றிருந்த காலத்தில் அது துணிந்த சொல். கைவிரல் இயங்கும் முதுகுத்தண்டு நோயாளர் பலர்க்கு இன்று அதுவே முதல்வழியாயிற்று. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் அம்மையார் 1954-இல் வாகன விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து, சக்கர நாற்காலியில் இருந்தவாறே அறுவை சிகிச்சை செய்தவர். 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டதும் அவர் முயற்சியாலே. அவ்வகை நிலையங்களில் நோயாளர்க்கு இதனைக் கற்பித்து அனுப்புகின்றனர். ஆனால் அவ்வகை நிலையங்கள் எத்தனை? கற்பிப்பாரைக் காணாத ஊர்களே மிகுதி.

ஆதலின் யாம் கேட்பது பெரிதன்று. குழாயோடு ஒருவரை வீட்டுக்கனுப்பும் நாளில், அவரைப் பேணப்போகும் உறவினர் பையைத் தம் கையால் ஒருமுறை வடித்துக் காட்டவேண்டும்; செவிலியர் அருகில் நின்று பிழை திருத்தவேண்டும். கால்மணி நேரத்து வேலை. எம் உறவினர் ஒருவர் நகரத்து ஆஸ்பத்திரியொன்றினின்று அனுப்பப்பட்டபோது கொடுத்த தாளில் மாத்திரைகள் ஒன்பதன் பெயர் இருந்தன. பையைப்பற்றி ஒரு சொல் இல்லை. 2021 முதல் நம் மாநிலத்தில் மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தின்படி படுக்கையாளர் வீடுகளுக்குச் செவிலியர் வருகின்றனர். அவர் வரும் நாளிற் கேட்கவேண்டியதை வெட்கமின்றிக் கேட்கும்படி இல்லத்தாரைத் தூண்டுதல் படித்த பிள்ளைகளின் கடமை. பாட்டனாரின் குழாயைப்பற்றிப் பேத்தி பேசலாமா என்பார்க்கு விடை முன்னரே கூறினோம்.

குளிரோடு காய்ச்சல், விலாவில் நோவு, புதிதாய்த் தோன்றும் மயக்கமோ பிதற்றலோ, பையில் நீர் வராமல் அடிவயிறு பருத்தல், இவற்றுள் ஒன்று கண்டாலும் மாத்திரையை எண்ணிக் காலந் தாழ்த்தாமல் மருத்துவரிடஞ் செல்லவேண்டும். மார்பின் நடுப்பகுதிக்கு மேற்பட்டுத் தண்டு முறிந்தவர்க்குத் தலை பிளப்பதுபோல் வலித்து முகம் வியர்க்குமாயின், முதலிற் குழாய் மடிந்திருக்கிறதா அடைபட்டதா என்று பார்க்கவேண்டும். இரத்த அழுத்தம் உயிரைக் குடிக்குமளவு ஏறுதற்கு அவ்வடைப்பே போதும். நள்ளிரவில் இதற்கு ஆளைத் தேடி ஓடும்போது, குழாய் எந்நாளில் வைக்கப்பட்டது, எந்த அளவினது, அடுத்து எந்நாளில் மாற்றவேண்டும் என்று மருத்துவர் கேட்பார். அம்மூன்றையும் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கட்டிலின் தலைப்பக்கத்துச் சுவரில் ஒட்டிவைத்தல் நலம்.