சாளரத்தின் கீழ் ஒரு பாட்டு



பிறநாட்டு மக்களின் வாழ்க்கையிலிருந்து ஏதேனும் ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு அதை நம் வீட்டு முற்றத்தில் வைத்துப் பார்ப்பது இப்பகுதியின் வழக்கம். இத்திங்கள் பிலிப்பைன்ஸ் தீவுகளின் காதற்பாட்டை எடுத்துக்கொள்கிறோம். "குடும்பத்தார் அனைவரும் படிக்கும் சங்க இதழில் காதற்பாட்டுக்கு என்ன வேலை?" என்று பெரியவர்கள் புருவத்தை நெரிக்க வேண்டா. நாம் சொல்லப் புகுவது, பெண்ணின் தாய் தந்தையர் காது கேட்க, ஊரார் காது கேட்கப் பாடப்பட்ட பாட்டைப் பற்றி. அப்பாட்டை இக்காலத்து இளைஞர்கள் கையில் எடுத்தபோது அதற்கு என்ன நேர்ந்தது என்பதே நம் பொருள். சொந்த ஊரை விட்டு வந்து, மும்பையிலும் கொல்கத்தாவிலும் தில்லியிலும் பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு அதில் எண்ணிப் பார்க்க வேண்டியது நிறைய உண்டு.

பிலிப்பைன்ஸ் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தீவுகளைக் கொண்ட நாடு. அங்கே நூற்றுக்கு மேற்பட்ட மொழிகள் வழங்குகின்றன. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஸ்பானியர் ஆட்சியிலும், 1898 முதல் 1946 வரை பெரும்பாலும் அமெரிக்கர் ஆட்சியிலும் இருந்தது. ஸ்பானியரோடு கித்தார் வந்தது. கித்தாரோடு, இரவில் பெண்ணின் வீட்டுச் சாளரத்தின் கீழ் நின்று பாடும் வழக்கமும் வேரூன்றியது. அதற்கு 'ஹரானா' என்று பெயர்.

ஹரானாவைக் களவொழுக்கம் என்று எண்ணிவிடலாகாது. அதற்கென ஒரு முறை உண்டு. இளைஞன் தனியே வருவதில்லை; நண்பர்களை அழைத்துக்கொண்டு வருவான். முதலில் பாடும் பாட்டு, 'நாங்கள் வந்திருக்கிறோம்' என்று அறிவிக்கும் பாட்டு. வீட்டில் விளக்கு ஏற்றப்பட்டுச் சாளரம் திறந்தால் அவன் நெஞ்சில் பாதிப் பாரம் இறங்கும். பெரியவர்கள் மனம் இசைந்து உள்ளே அழைத்தால், அவர்கள் முன்னிலையிலேயே அவன் தன் கருத்தைப் பாட்டால் தெரிவிப்பான். பெண்ணும் பாட்டாலேயே விடை சொல்வதுண்டு. இறுதியில் விடைபெறும் பாட்டு ஒன்று பாடி அனைவரும் வீடு திரும்புவர். சாளரம் திறக்கவில்லையென்றால் அதுவே விடை. நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அண்டை வீட்டார் கேட்டுக்கொண்டிருக்க, அவன் தலை குனிந்து திரும்ப வேண்டியதுதான்.

குரல்வளம் இல்லாதவன் என் செய்வான்? ஊரில் நன்றாகப் பாடும் ஒருவரைத் துணைக்கு அழைத்து வருவான். கூச்சமுள்ள எத்தனையோ பேருக்காக அத்தகைய பாடகர்கள் இரவுகளில் குரல் கொடுத்திருக்கிறார்கள். பாட்டோடு முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. பெண் வீட்டுக்கு விறகு பிளந்து கொடுப்பதும், தண்ணீர் சுமந்து கொடுப்பதும் மணம் வேண்டி வருபவனின் கடமையாக இருந்தன. பாட்டில் இனிமை இருந்தால் மட்டும் போதாது, தோளில் உழைப்பும் இருக்க வேண்டும் என்று பெண்ணைப் பெற்றவர்கள் கருதினார்கள் போலும்.

ஹரானாவோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய மற்றொன்று 'குண்டிமான்'. ஹரானா பெரும்பாலும் இரண்டு தட்டு நடையில் செல்லும். குண்டிமான் மூன்று தட்டு நடையில் மெல்ல அசைந்து செல்லும். முற்பகுதி சோகச் சாயலுள்ள சுரங்களில் தொடங்கி, பிற்பகுதி மலர்ச்சியான சுரங்களுக்கு மாறும். ஏங்கித் தொடங்கி நம்பிக்கையில் முடிவது அதன் இயல்பு. நாட்டுப்புறத்தில் வழங்கிய இந்த வடிவத்தை மேடைக்கு உரிய கலைப்பாடலாக உயர்த்தியவர்களுள் பிரான்சிஸ்கோ சாந்தியாகோவும் (1889–1947), நிக்கானோர் அபெலார்டோவும் (1893–1934) தலையாயவர்கள்.

இந்தக் காதற்பாட்டுக்குள் வேறொரு காதலும் ஒளிந்திருந்தது. அமெரிக்கர் ஆட்சியில் 1907 முதல் 1919 வரை பிலிப்பைன்ஸ் மக்கள் தங்கள் கொடியை ஏற்றுவதே குற்றம். கொடியை மடித்து வைக்கச் சொல்லலாம். 'என் அன்பே, நீ துன்புறுகிறாயே' என்று பாடுபவனை எந்தச் சட்டத்தின் கீழ்ப் பிடிப்பது? குண்டிமான் பாட்டில் வரும் பெண், பல வேளைகளில் தாய்நாடே என்று கேட்டவர்கள் உணர்ந்துகொண்டார்கள். 1920களின் இறுதியில் ஹோசே கோராசோன் தே ஹெசுஸ் என்னும் கவிஞரின் சொற்களுக்குக் கோன்ஸ்டான்சியோ தே குஸ்மான் இசையமைத்த 'பாயன் கோ' வெளிப்படையாகவே நாட்டுப் பாட்டு. மார்க்கோஸின் ஆட்சியை எதிர்த்து 1980களில் தெருவில் திரண்ட மக்கள் பாடியது அந்தக் குண்டிமானைத்தான். சாளரத்தின் கீழ் வளர்ந்த ஓர் இசை வடிவம் ஒரு நாட்டின் தலைவாசல் வரை சென்ற வரலாறு இது.

இப்பாட்டுகளில் நம்மைத் தொட்டு அழைக்கும் சொற்கள் சில உண்டு. தகாலோக் மொழியில் காதலியைச் 'சிந்தா' என்பர். வடமொழிச் 'சிந்தா'விலிருந்து அது வந்தது. நம் 'சிந்தை'யும் அதற்கு உறவே. முகத்துக்கு 'முகா' என்கிறார்கள். ஆசிரியர் 'குரோ'. விலைமதிப்பற்ற மணிக்கும், அம்மணி போன்ற பெண்ணுக்கும் 'முத்யா'. நம் முத்து அச்சொல்லில் ஒளிர்வதை யார்தான் காணமாட்டார்கள்? இந்தியக் கரையிலிருந்து வணிகர்களோடு கப்பலேறி, மலாய் நாடுகளில் தங்கி, பிறகு அத்தீவுகளில் இறங்கிக் குடியேறிய சொற்கள் இவை. சொற்களும் நம்மைப்போல் பிழைக்கப் போனவைதாம். போன இடத்தில் ஒலி சற்று மாறியும் வாழ்கின்றன.

இனி இக்காலத்துக்கு வருவோம். வானொலியும் இசைத்தட்டும் திரைப்படமும் வந்தன. நகரங்களில் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. ஏழாவது மாடிச் சாளரத்துக்குக் கீழே நின்று யார் பாடுவது? ஹரானா மெல்ல மறைந்தது. புளோரந்தே அகிலார் என்னும் கித்தார்க் கலைஞர், எஞ்சியிருந்த பழைய ஹரானாப் பாடகர்களைத் தேடி ஊர் ஊராகச் சென்றார். அந்தத் தேடல் 2012இல் 'ஹரானா' என்ற ஆவணப்படமாக வெளிவந்தது. மூன்று முதியவர்கள் அதில் பாடுகிறார்கள். ஒரு நாடு முழுவதும் இரவுதோறும் ஒலித்த வழக்கத்தின் மிச்சத்தை இப்படித் தேடிப் பிடிக்க வேண்டியதாயிற்று.

ஆனால் பெயர் மறையவில்லை. 1997இல் 'பரோக்யா நி எட்கார்' என்ற ராக் இசைக்குழு 'ஹரானா' என்ற பாட்டைப் பாடியது. சாளரத்தின் கீழ்ப் பாடும் பழைய வழக்கத்தைப் புன்முறுவலோடு நினைவூட்டிய அப்பாட்டு நாடெங்கும் பரவியது. பின்னர் 2015இல், ஜோசப் மார்க்கோ, பிரயன் சாந்தோஸ், மார்லோ மோர்ட்டெல், மைக்கேல் பங்கிலினான் என்னும் இளைஞர் நால்வரைக் கொண்ட குழு ஒன்று 'ஹரானா' என்ற பெயரையே தன் பெயராகச் சூட்டிக்கொண்டு புறப்பட்டது. நால்வரும் நடிப்பிலோ பாட்டிலோ முன்னரே முகம் தெரிந்தவர்கள். பழைய காதல் வேண்டுகோளை இன்றைய மெட்டிலும் இன்றைய உடையிலும் வழங்குவது அவர்கள் நோக்கமாக இருந்தது.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழுகிறது. இது பழைய பாட்டுக்கு உயிர் கொடுப்பதா, அல்லது பழைய பெயரை விற்பதா?

எமக்குத் தெரிந்த தொழிலிலிருந்து ஓர் உவமை சொல்கிறோம். முன்னாளில் குறுகிய இருப்புப்பாதையும் அகலப்பாதையும் சந்திக்கும் நிலையங்களில் சரக்கு மாற்றும் களம் இருந்தது. குறும்பாதை வண்டியில் வந்த மூட்டைகளை இறக்கி அகலப்பாதை வண்டியில் ஏற்றுவார்கள். அரிசி அதே அரிசிதான். ஆனால் இறக்கி ஏற்றுகையில் கொஞ்சம் சிந்தும். "சிந்துமே என்று அஞ்சி வண்டியை நிறுத்தினால் மூட்டை அங்கேயே கிடந்து மக்கும், சிந்தியதைக் கணக்கில் எழுதாவிட்டால் அது குற்றம்" என்பது மூத்த எழுத்தர்களிடமிருந்து எம் துறையில் வழிவழியாக வந்த பாடம். ஹரானாவுக்கும் இப்படி ஒரு கணக்கு எழுதிப் பார்ப்போம்.

சிந்தியது என்ன? பழைய ஹரானா ஒருவன் ஒருத்தியிடம் கேட்ட கேள்வி. அதற்கு 'இல்லை' என்ற விடையும் வரலாம். அந்த அச்சம்தான் அவன் குரலில் நடுக்கத்தைத் தந்தது. மேடையில் நால்வர் ஆயிரம் பேரை நோக்கிப் பாடும்போது யாரும் சாளரத்தை மூடப் போவதில்லை, கைதட்டல் நிச்சயம். பெற்றோர் உடனிருந்து கேட்கும் மரியாதையும், விறகு பிளந்த உழைப்பும் மேடையில் இல்லை. இது சிறிய இழப்பு என்று நாம் சொல்லமாட்டோம்.

வந்து சேர்ந்தது என்ன? 'ஹரானா' என்ற சொல்லே அறியாமல் வளர்ந்திருக்கக்கூடிய சிறுவர் சிறுமியர் அச்சொல்லை வாயால் உச்சரிக்கிறார்கள். "அப்படியென்றால் என்ன?" என்று பாட்டியைக் கேட்கிறார்கள். பாட்டியும் தன் வீட்டுச் சாளரத்தின் கதையைச் சொல்ல வழி பிறக்கிறது. புதுப்பாட்டின் பெருமை அதன் மெட்டில் மட்டும் இல்லை. அது எழுப்பும் இந்தக் கேள்வியிலும் இருக்கிறது.

இதற்குப் பின் வந்தவர்கள் இன்னும் ஒரு படி சென்றார்கள். 'அலமாட்' என்னும் இளைஞர் குழு 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள் தன் முதற்பாட்டை வெளியிட்டது. அது ஒரே பாட்டு. ஆனால் தகாலோக், இலோக்கானோ, செபுவானோ முதலிய ஏழு மொழிகளில் பாடப்பட்டது. தலைநகரில் தகாலோக்கும் ஆங்கிலமும் கோலோச்சும்போது, தீவுகளிலிருந்து பிழைக்க வந்தவர்களின் வீட்டுமொழி அடுக்களையோடு நின்றுவிடுவது வழக்கம். அம்மொழி பளபளக்கும் மேடையில் ஒலிப்பதைக் கேட்கும் ஒரு பிள்ளை, 'இது என் அம்மா பேசுவது அல்லவா!' என்று நிமிர்ந்து உட்காரும். அந்த நிமிர்வுக்கு விலை கூற இயலாது.

இவையெல்லாம் இளைஞரின் ஆர்வத்தால் மட்டும் நடந்தவை அல்ல. 1987இல் குடியரசுத் தலைவர் கோராசோன் அக்கினோ 255ஆம் எண் ஆணையைப் பிறப்பித்தார். இசை ஒலிபரப்பும் வானொலி நிலையங்கள் மணிக்கு நான்கு பாட்டுகளேனும் தம் நாட்டவர் ஆக்கிய பாட்டுகளாக ஒலிபரப்ப வேண்டும் என்பது அதன் கட்டளை. மணிக்கு நான்கு பாட்டு என்பது பெரிய அளவன்று. எனினும் வீட்டில் நமக்கென்று ஓர் அறை ஒதுக்குவது போன்றது அது. ஒதுக்கிய இடத்தில்தான் யாரேனும் வந்து தங்க இயலும்.

இப்போது நம் வீட்டைப் பார்ப்போம். நம் பிள்ளைகள் இந்திப் பாட்டும் மராத்திப் பாட்டும் வங்கப் பாட்டும் பாடுகிறார்கள். அதில் குறையொன்றுமில்லை, வாழும் ஊரின் பாட்டு வாயில் வருவது நல்ல பிள்ளையின் அடையாளம். ஆனால் ஊரிலிருந்து வந்து தங்கும் பாட்டியின் தாலாட்டும், அத்தையின் நலுங்குப் பாட்டும், தாத்தா நடவு வயலில் கேட்ட பாட்டும் எந்த நேரத்தில் ஒலிக்கின்றன? தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் இடையில் அவற்றுக்கு நாம் எந்த மணியை ஒதுக்கியிருக்கிறோம்?

மற்றொன்றும் சொல்ல வேண்டும். சங்க விழாக்களில் இளைஞர் ஒருவர் கித்தாரை மாட்டிக்கொண்டு பழம்பாட்டு ஒன்றைப் புதிய தாளத்தில் பாடினால், முன்வரிசையில் முணுமுணுப்பு எழுவதை நாம் அறிவோம். "பாட்டைக் கெடுத்துவிட்டான்" என்பார்கள். பெரியோர்களே, அவன் பாடாமல் இருந்திருந்தால் பாட்டு கெடாமல் இருந்திருக்குமா? பாடுவாரின்றிப் போயிருக்கும். அவன் பாடி முடித்ததும் அருகில் அழைத்து, "தம்பி, நன்றாகப் பாடினாய், எங்கள் ஊரில் இதை இப்படியும் பாடுவார்கள்" என்று பழைய மெட்டைப் பாடிக் காட்டுங்கள். இளைஞர்களே, நீங்களும் மெட்டை மாற்றுவதற்கு முன் ஒருமுறை பழைய மெட்டைப் பெரியவர் வாயால் கேளுங்கள். எதை மாற்றுகிறோம் என்று தெரிந்து மாற்றுபவனே நேர்மையாகக் கணக்கு எழுதுபவன்.

அகிலார் தேடிச் சென்றபோது அவருக்கு அந்த முதியவர்கள் கிடைத்தார்கள். இன்னும் காலம் தாழ்த்தியிருந்தால் எத்தனை பேர் கிடைத்திருப்பார்கள்? நம் வீட்டு முதியவர்களின் குரலைப் பதிவு செய்ய ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை. பல வீடுகளில் அவர்கள் அடுத்த அறையிலேயே இருக்கிறார்கள். கையில் இருக்கும் கைப்பேசியே போதும்.

ஆகவே இத்திங்கள் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு குடும்பமும் வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரை ஒரு பாட்டேனும் பாடச் செய்து பதிந்து வையுங்கள். யார் பாடியது, எந்த ஊர்ப் பாட்டு, எந்தச் சமயத்தில் பாடுவது என்ற மூன்றையும் ஒரு தாளில் பிள்ளைகளைக் கொண்டே தமிழில் எழுதச் செய்து இப்பகுதிக்கு அனுப்புங்கள். வரும் மடல்களை அடுத்த இதழ் முதல் இங்கே வெளியிடுவோம். ஆண்டு விழாவில் அப்பாட்டுகளுள் சிலவற்றைப் பெரியவர் ஒருவரும் இளைஞர் ஒருவரும் அடுத்தடுத்துப் பாட, முதலில் பழைய மெட்டிலும் பிறகு புது மெட்டிலும் கேட்கலாம் என்பது எம் விருப்பம். சங்கத்தார் இசைவார்கள் என்று நம்புகிறோம்.