மறுப்பவர் எதை மூடினார்?

2007 ஆகஸ்ட் 9. ஹைதராபாத் பிரஸ் கிளப்பில் வங்கதேச எழுத்தாளர் தஸ்லிமா நஸ்ரினின் நாவல் ஒன்று தெலுங்கில் வெளியிடப்பட்டது. மஜ்லிஸ் (எம்ஐஎம்) கட்சியின் சட்டமன்ற உறுப்பினர்களே ஆட்களோடு உள்ளே புகுந்து, கையில் கிடைத்ததையெல்லாம் அவர்மேல் வீசினார்கள். தனக்கு மதநம்பிக்கை இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லும் ஒரு பெண்ணுக்கு, சட்டம் இயற்றுகிறவர்கள் தந்த பதில் அது. கம்யூனிஸ்ட் கவிஞர் மக்தூம் மொஹியுதீனைத் தலையில் வைத்துக் கொண்டாடிய நகரத்தில் இது நடந்தது என்பதுதான் கூடுதல் வலி.

இறைமறுப்பைக் குறிக்கும் 'குஃப்ர்' என்ற அரபுச் சொல்லின் வேருக்கு மூடுதல் என்று பொருள். விதையை மண்ணிட்டு மூடும் உழவரையும் குர்ஆன் (57:20) அதே வேர்ச்சொல்லால் குறிக்கிறது என்பார்கள் உரையாசிரியர்கள். உண்மையை அறிந்தும் மூடி மறைப்பவரே காஃபிர் என்றால், யோசித்துப் பார்த்து, மனம் ஒப்பாமல், அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறவர் எதை மூடினார்? மார்க்கத்தில் கட்டாயமில்லை என்கிறது 2:256. மதத்தை விட்டவருக்கு இவ்வுலகில் மரண தண்டனை என்று குர்ஆனில் எங்கும் இல்லை. அது நபிமொழிகளான ஹதீஸ்களை வைத்துச் சட்ட அறிஞர்கள் வகுத்தது. மதம் விடுவதும் எதிரிப் படையில் சேர்வதும் ஒன்றாகப் பார்க்கப்பட்ட காலத்தில் வகுத்தது. அவர்களிலும் ஹனஃபி சட்டப் பிரிவினர் பெண்ணுக்குக் கொலைத் தண்டனை கூடாது, சிறை போதும் என்றார்கள். மனிதர்கள் யோசித்து வகுத்ததை மனிதர்கள் மறுபடி யோசிக்கலாம்.

நம் நாட்டிலேயே, கொடுமைக்காரக் கணவனிடமிருந்து விடுபட வேறு வழி தெரியாமல் மதத்தை விட்ட முஸ்லிம் பெண்கள் இருந்தார்கள். மதத்தை விடாமலே அவர்கள் விவாகரத்து கேட்க 1939இல் தனிச் சட்டமே வந்தது. மதம் விடுவதற்குப் பின்னால் எத்தனை கண்ணீர் இருக்கக்கூடும் என்பதற்கு அதுவே சாட்சி.

2023 ஜூலையில் தெலங்கானா உயர் நீதிமன்றம், குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது 'மதமில்லை, சாதியில்லை' என்று குறிப்பிட இடம் தரவேண்டும் என்று உத்தரவிட்டது. அரசியல் சட்டத்தின் 25ஆவது பிரிவு, எந்த மதத்தையும் ஏற்காமல் வாழும் உரிமையையும் தருகிறது என்பதே அதன் அடிப்படை. நல்ல தீர்ப்பு. ஆனால் படிவத்தில் கிடைத்த இடம் தெருவில் கிடைக்கவேண்டுமே! அதை நீதிமன்றம் தர முடியாது. ஜமாஅத்தும் கோயில் கமிட்டியும் அண்டை வீட்டாரும்தான் தரவேண்டும்.

2017 மார்ச்சில் கோவையில் அந்த இடம் கிடைக்கவில்லை. திராவிடர் விடுதலைக் கழகத்தைச் சேர்ந்த ஃபாரூக், கடவுள் இல்லை என்று சொன்னதற்காக வெட்டிக் கொல்லப்பட்டார். மகனின் கொள்கை வழியிலேயே இனி நடப்பேன் என்று அறிவித்தார் அவருடைய தந்தை.